நாய்வண்டியில் நிற்பது யார்?

2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. சாலையில் நடந்ததை அந்த வட்டாரத்து மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஒரே ஒரு தெருநாய். பிள்ளைகள், பெரியவர்கள் என்று பார்க்காமல் எதிரே வந்தவர்களையெல்லாம் கடித்துக்கொண்டே ஓடியது. ஏறத்தாழ 30 பேர் கடிபட்டார்கள். பலர் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடினார்கள். கடைசியில் மக்களே அந்த நாயை அடித்துக் கொன்றார்கள். பரிசோதனையில் அதற்கு வெறிநோய் இருந்தது உறுதியானது.

அதன்பின் வழக்கமான காட்சிகள் தொடங்கின. மாநகராட்சி வண்டி வந்தது, நாய்களைப் பிடித்தார்கள், ஊசி போட்டார்கள். தொலைக்காட்சியில் இரண்டு தரப்பு உட்கார்ந்து பேசியது. ஒரு தரப்பு, 'எல்லா நாயையும் அப்புறப்படுத்து' என்றது. மறு தரப்பு, 'வாயில்லா ஜீவனை வதைக்காதே' என்றது. இரண்டு தரப்புமே நன்றாகப் பேசின. ஆனால் அந்த மேசையில் இரண்டு பேரைக் காணோம். ஒருவர், விடியற்காலை தெருவில் நடந்தே ஆகவேண்டியவர். இன்னொருவர், அந்த நாயைப் பிடிக்க வலையோடு வண்டியிலிருந்து இறங்குகிறவர். இந்த இரண்டு பேருமே பெரும்பாலும் எங்கள் குடியிருப்புகளிலிருந்து போகிறவர்கள்.

தெருநாய், தெருமாடு, செத்த விலங்கு ஆகியவற்றைக் கையாளும் மாநகராட்சிப் பணியை எல்லோரும் கால்நடைப் பிரச்சினையாகவோ சுகாதாரப் பிரச்சினையாகவோ பார்க்கிறார்கள். நாங்கள் அதை உழைப்புப் பிரச்சினையாகவும் சாதிப் பிரச்சினையாகவும் பார்க்கிறோம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

யாரைக் கடிக்கிறது?

நாய்க்குச் சாதி தெரியாது, பணக்காரன் ஏழை தெரியாது என்பார்கள். நாய்க்குத் தெரியாதுதான். ஆனால் நாயும் மனிதரும் எந்த இடத்தில், எந்த நேரத்தில் எதிரெதிரே வருகிறார்கள் என்பதை நாய் முடிவு செய்வதில்லை.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும். கூடை தூக்கும் பெண்கள் இருட்டிலேயே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். துறைமுகத்தில் இரவு வேலை முடித்த சுமைப்பணியாளர் நடந்து வீடு திரும்பும் நேரமும் அதுதான். தெருவைப் பெருக்கும் அக்காக்கள் துடைப்பத்தோடு இறங்கும் நேரமும் அதுதான். எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் நேரமும் அதுதான். காரில் போகிறவருக்கு அந்த நேரத்துத் தெரு தெரியாது. கதவு வைத்த அடுக்குமாடியில் இருப்பவருக்கும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. வாரியக் குடியிருப்பில் ஒரே அறையில் ஆறேழு பேர் இருக்கும் வீட்டில், கோடைக்காலத்தில் பாதிப்பேர் வாசலில்தான் படுப்பார்கள். பிள்ளைகள் விளையாட மைதானம் கிடையாது. தெருதான் மைதானம், குப்பைத்தொட்டி ஓரம்தான் ஸ்டம்ப் நடும் இடம். எங்களுக்குத் தெரு என்பது வீட்டின் இன்னோர் அறை. அந்த அறையில் நாய்க்கும் பங்கு உண்டு.

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பேசியவர்களில் பலரும் கடந்துபோன ஒரு விவரம் அதில் உண்டு. அந்தக் குழந்தை பூங்காவுக்கு விளையாட வந்தவள் அல்ல. அந்தப் பூங்காவின் காவலாளியுடைய மகள். அவளுக்குப் பூங்காதான் வீடு. நாய் வளர்ப்பு நாயாக இருந்தாலும் தெருநாயாக இருந்தாலும், கடிபடும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு விவரமே சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநோயால் 43 பேர் இறந்தார்கள். இந்த 43 உயிர்களில் ஒன்றுகூடப் போயிருக்க வேண்டியதில்லை. நோய் முற்றியபின் மருந்து இல்லை என்பது எவ்வளவு உண்மையோ, கடித்த உடனே முறையாக ஊசி போட்டால் நோயே வராது என்பதும் அவ்வளவு உண்மை. பிரான்சில் லூயி பாஸ்டர் முதல் ஊசியைப் போட்டது 1885இல். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது 1907இல். நூறு ஆண்டுக்கு முன்பே மருந்து வந்துவிட்ட ஒரு நோயால் இன்றைக்கும் சாகிறார்கள் என்றால், காரணத்தை நாயிடம் மட்டும் தேட முடியாது.

அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம்தான். ஆனால் கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை போகவேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது நான்கு நாள் கூலி. ஊசி இலவசம், ஊசி போடப் போகும் நாள் இலவசம் அல்ல. முதல் ஊசியோடு வலி குறைந்துவிடும். 'இன்னாத்துக்கு இன்னொரு நாள் லீவு' என்று அடுத்த ஊசியை விட்டுவிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களை அறியாமைக்காரர்கள் என்று திட்டுவது எளிது. அன்றைய கூலியை யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

யார் பிடிக்கிறார்கள்?

இந்த நகரத்தில் தெருநாய்களைக் கையாண்ட வரலாறு நீளமானது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1990களின் நடுப்பகுதிவரை மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது. பேசின் பிரிட்ஜ் பக்கத்து நாய்ப்பட்டியில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கடைசிக் காலத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டன என்று புளூ கிராஸ் அமைப்பு சொல்கிறது. அத்தனை கொன்றும் நாய்கள் குறையவில்லை. 1964இலிருந்தே கருத்தடைதான் வழி என்று சொல்லிவந்த அந்த அமைப்பின் முறையை 1996இல் மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. 2001இல் நாடு முழுமைக்கும் நாய்கள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023இல் அவை புதிதாக எழுதப்பட்டன.

கொள்கை மாறியது. நல்ல மாற்றம்தான், நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் இந்த வரலாற்றில் ஒன்று மட்டும் மாறவே இல்லை. கொல்லச் சொன்ன காலத்தில் நாயைப் பட்டிக்குள் இழுத்துக்கொண்டு போன கை எதுவோ, பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுவரச் சொல்லும் காலத்தில் வலை வீசும் கையும் அதுதான். கருணை மேலிருந்து வந்தாலும் கடி கீழேதான் விழுகிறது.

நாய்வண்டி தெருவுக்குள் நுழையும்போது பார்த்தால் தெரியும். ஒரு வீட்டு மாடியிலிருந்து, 'பாவிங்களா, விடுங்கடா' என்று சத்தம் வரும். எதிர்வீட்டிலிருந்து, 'ஒன்னையும் விடாதீங்க, எல்லாத்தையும் தூக்கிட்டுப் போங்க' என்று சத்தம் வரும். இரண்டு வசவுக்கும் நடுவில் வலையோடு ஓடுகிறவர் வாங்கும் சம்பளம் எவ்வளவு, அவருக்கு வேலை நிரந்தரமா, அவருக்கு ஊசி போட்டார்களா என்று இரண்டு மாடியிலிருந்தும் ஒருவரும் கேட்டதில்லை.

எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் சில ஆண்டுகள் இந்த வேலை செய்தார். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த வேலை. ஒரு நாள் வலைக்குள்ளிருந்த நாய் மணிக்கட்டில் பிடித்துவிட்டது. தானாகவே மருத்துவமனைக்குப் போனார், தானாகவே வரிசையில் நின்றார். அன்றைய அரைநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டபோது, 'நாய் பிடிக்கிறவனுக்கு நாய் கடிக்காம பூனையா கடிக்கும்' என்று சிரித்தாராம் மேற்பார்வையாளர். அந்தச் சிரிப்பை அவர் எங்களிடம் சொன்னபோது அவருக்குக் கோபம்கூட இல்லை. அதுதான் எங்களை அதிகம் உறுத்தியது. கடிபடுவது அந்த வேலையின் ஒரு பகுதி என்று அவரும் நம்பப் பழகியிருந்தார்.

மலக்குழியில் இறங்கி மூச்சடைத்துச் செத்தவரைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். 2013 சட்டம் வந்தபிறகாவது, அதை விபத்து என்று சொல்லாதே, குற்றம் என்று சொல் என்கிற குரல் எழுந்தது. மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி ஒன்றிய அரசு எடுத்த கணக்கில், பதிவான 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அந்தக் கணக்கு வெளிவந்ததால்தான் நாம் அதை எடுத்துக்காட்டி வாதாட முடிகிறது. 2024இல் சென்னை மாநகராட்சி தெருநாய்களை எண்ணியது. ஏறத்தாழ 1.8 லட்சம் நாய்கள். அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை கால்பங்கு அளவுதான். நல்லது, கணக்கு வேண்டும். அந்த நாய்களைப் பிடிப்பவர்கள் எத்தனை பேர், எந்த ஊர், எந்தச் சாதி, எத்தனை முறை கடிபட்டார்கள் என்ற கணக்கை மட்டும் யாரும் மக்கள் முன் வைத்து நாங்கள் பார்த்ததில்லை.

செத்ததைத் தூக்குவது

பிடிப்பதோடு வேலை முடிவதில்லை. சாலையில் லாரி அடித்த நாய், வெயிலில் விழுந்த மாடு, பக்கிங்காம் கால்வாயில் மிதந்து வரும் பன்றி என எல்லாவற்றையும் யாராவது தூக்கவேண்டும். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஓடுகின்றன. அடிபட்ட நாய் அங்கே அன்றாடக் காட்சி. 1913க்கு ஒரு போன் போட்டால் ஆள் வந்து எடுத்துப் போவார். யார் அந்த ஆள்? கையில் உறை இருந்ததா, வண்டி இருந்ததா, இல்லை குப்பை அள்ளும் அதே தள்ளுவண்டியா?

செத்த மாட்டைத் தூக்குவது ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் கடமை என்று இந்த நாட்டின் கிராமங்கள் நூற்றாண்டுகளாக விதித்திருந்தன. தூக்குகிறவர் தீண்டத்தகாதவர், தீண்டத்தகாதவர் என்பதால் அவர் தூக்கவேண்டும். தலையும் வாலும் ஒன்றையொன்று கடிக்கும் பாம்பு மாதிரியான நியாயம் அது. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக மக்களைச் சவுதார் குளத்துக்கு அழைத்துப் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். நாயும் மாடும் குடிக்கலாம், தீண்டப்படாதவர் குடிக்கக் கூடாது என்றிருந்த குளம் அது. அதே மாநாட்டில் செத்த மாட்டின் இறைச்சியை உண்பதையும் இழிவென்று சுமத்தப்பட்ட வேலைகளையும் விட்டொழியுங்கள் என்றும் அவர் சொன்னார். ஒரு கையால் குளத்து நீரை அள்ளு, மறு கையால் உன்மேல் ஏற்றப்பட்ட பிணத்தை இறக்கிவை. இரண்டும் ஒரே போராட்டம்தான்.

எண்பத்தொன்பது ஆண்டு கழித்து, 2016 ஜூலையில், குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்கு அந்த மக்கள் கொடுத்த பதில் நினைவிருக்கிறதா? இனி நாங்கள் தூக்க மாட்டோம் என்றார்கள். சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் வாசலில் செத்த மாடுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்தச் சில நாள்களில்தான் எத்தனை பெரிய பொதுச்சேவையை யார் தலையில் கட்டிவைத்து இந்தச் சமூகம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

கிராமத்தில் அதைக் கடமை என்றார்கள். நகரத்தில் அதற்கு ஒப்பந்தம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இதையும் மாற்றவேண்டும் என்கிறோம்.

குப்பை எங்கே போகிறதோ

நாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் குப்பையைத்தான் காட்டவேண்டும். தீனி எவ்வளவோ, அவ்வளவு நாய். இந்த நகரத்தின் குப்பை எந்தத் திசையில் போகிறது? மாநகரத்தின் இரண்டு பெரிய குப்பைமேடுகளில் ஒன்று கொடுங்கையூர். மாநகரத்தின் பெரிய ஆடுதொட்டி புளியந்தோப்பில். நாய்ப்பட்டி பேசின் பிரிட்ஜில். அனல்மின் நிலையமும் சாம்பல் குட்டையும் எண்ணூரில். விலங்கு நல வாரியம் 1962இல் ருக்மணி தேவி அருண்டேல் தலைமையில் இதே சென்னையில்தான் தொடங்கியது. நல வாரியமும் நல அமைப்பும் நகரத்தின் தென்புறத்தில் வேர்பிடித்தன. வெட்டும் இடமும் அடைக்கும் இடமும் கொட்டும் இடமும் வடக்கே வந்தன.

கத்திவாக்கமும் திருவொற்றியூரும் 2011வரை தனி நகராட்சிகள். மாநகராட்சியோடு சேர்த்தபோது வரி உயரும், வசதியும் உயரும் என்றார்கள். வரி உயர்ந்தது. நாய்வண்டி மட்டும் இன்னமும் தொலைவிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் விடாதே என்பதுதான் அவர்களின் கோரிக்கை. நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த இரண்டு வாரமும் இன்னொரு பக்கம் நாடே தெருநாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 11 அன்று, தில்லியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. இரண்டு செய்தியும் அடுத்தடுத்த பக்கத்தில் வந்தன. இரண்டும் ஒரே செய்திதான் என்று சொன்னவர் குறைவு. குப்பையை ஒழுங்காக அள்ள நிரந்தர ஆள் இல்லாத ஊரில் நாய் எப்படிக் குறையும்?

மாட்டுக்கும் இதே கதைதான். 2024 ஜூனில் திருவொற்றியூரில் எருமை ஒன்று ஒரு பெண்ணைக் கொம்பில் சிக்கவைத்துத் தெருவெங்கும் இழுத்துக்கொண்டு ஓடிய காணொளியை எல்லோரும் பார்த்தோம். காப்பாற்றப் போனவரும் காயம்பட்டார். அதன்பின் தெருவில் விடப்படும் மாட்டுக்கு அபராதம் முதல் முறை 10,000 ரூபாய், அடுத்த முறை 15,000 ரூபாய் என்று உயர்ந்தது. அபராதம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நான்கைந்து எருமை வைத்துப் பால் கறந்து பிழைக்கிறவருக்கு மேய்ச்சல் நிலமும் இல்லை, கட்டிவைக்கக் கொட்டகையும் இல்லை. மண்டலம்தோறும் குறைந்த கட்டணத்தில் தொழுவம் கட்டித் தருவது அபராதத்தைவிட அதிக உயிரைக் காக்கும். மாடுபிடிக்கும் வண்டியிலும் இறங்கிக் கயிறு போடுகிறவர் யார் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

நீதிமன்றத்தில் யார் குரல்?

ஆகஸ்ட் 11 உத்தரவை மூன்று நீதிபதிகள் அமர்வு ஆகஸ்ட் 22 அன்று திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோயுள்ளதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றது. வழக்கை நாடு முழுமைக்கும் விரித்தது. நீதிமன்றத்தை அணுகிய நாய் நேசர்கள் தலா 25,000 ரூபாயும் அமைப்புகள் தலா 2 லட்சம் ரூபாயும் கட்டவேண்டும் என்றும் சொன்னது. பிறகு நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றவேண்டும், அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று உத்தரவு வந்தது.

ஒவ்வோர் உத்தரவும் வரும்போது 'பிடிக்கவேண்டும்', 'அகற்றவேண்டும்' என்று எழுதப்படுகிறது. தமிழில் இந்த வினைகளுக்கு எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். யார் பிடிக்கவேண்டும், யார் அகற்றவேண்டும் என்று எழுதாமலே உத்தரவும் நிற்கிறது. எட்டு வாரத்தில் முடி என்று மேலே கெடு வைத்தால், கீழே ஒரு நாளைக்கு இத்தனை நாய் என்று இலக்கு வரும். இலக்கு வந்தால் அவசரம் வரும். அவசரத்தில் வலை கிழியும், கை கடிபடும், நாயும் வதைபடும். நாய் நேசரும் நாய் எதிர்ப்பாளரும் ஒன்றாகக் கவலைப்படவேண்டிய இடம் இது.

நாய் எங்களுக்குப் பகையல்ல

இதையெல்லாம் சொல்வதால் எங்களை நாய் விரோதிகள் என்று எண்ணிவிட வேண்டாம். தென்மாவட்டங்களில் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்றே தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிய கள ஆய்வுகள் எழுதிவைத்திருக்கின்றன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடக் கூடாதாம். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' படத்தில் தண்டவாளத்தில் கட்டிப்போடப்பட்ட கருப்பி என்ற நாய்க்காகத் தியேட்டரில் எங்கள் பிள்ளைகள் அழுதார்கள். அது நாய்க்காக மட்டும் வந்த அழுகை அல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் கறுப்பு நாய் ஒன்று உண்டு. இரவு வேலை முடித்து வரும் பெண்களோடு முனைவரை நடந்து வந்து விட்டுவிட்டுப் போகும். காதில் கருத்தடை அடையாளம் வெட்டப்பட்ட நாய். அதற்கு ஊசி போட்டவர் யாரோ, அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆகவே கொல் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கொல் என்று சொன்னால் கொல்லும் வேலையையும் எங்கள் தலையில்தான் கட்டுவீர்கள். விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டோம். விட்டுவிட்டால் கடிபடுவதும் நாங்கள்தான். ஒழுங்காகச் செய் என்கிறோம். செய்கிறவரை மனிதராக நடத்து என்கிறோம்.

என்ன செய்யவேண்டும்?

முதலாவதாக, திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலங்குக் கட்டுப்பாட்டுக் குழு வேண்டும். நாய் பிடிப்பவர், மாடு பிடிப்பவர், செத்த விலங்கை அகற்றுபவர் எல்லோரும் நிரந்தரப் பணியாளராக, பயிற்சி பெற்றவராக, பதவிப் பெயரும் சீருடையும் உள்ளவராக இருக்கவேண்டும். எந்தச் சாதியினரும் விண்ணப்பிக்கும் அரசு வேலையாக அது மாறவேண்டும். சம்பளமும் மரியாதையும் சரியாக இருந்தால் எல்லாச் சாதியிலிருந்தும் ஆள் வரும். வரவில்லையென்றால் ஏன் என்று அப்போது பேசுவோம்.

இரண்டாவதாக, இவர்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி கடிபட்ட பிறகு அல்ல, வேலையில் சேரும்போதே போடப்படவேண்டும். தொழிலால் ஆபத்துள்ளவர்களுக்கு முன்கூட்டியே போடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கையுறை, காலணி, நல்ல வலை, கடிபட்டால் சம்பளத்தோடு விடுப்பு, ஊனமானால் இழப்பீடு இவையெல்லாம் சலுகை அல்ல, உரிமை.

மூன்றாவதாக, செத்த மாட்டையும் நாயையும் கையால் தூக்கும் முறை ஒழியவேண்டும். கண்டெய்னரைத் தூக்க இயந்திரம் உள்ள துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே செத்த மாட்டைத் தூக்க மனிதரின் தோள்தான் வேண்டும் என்பது வெட்கம்.

நான்காவதாக, வடசென்னையின் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாலை வேலை முடிந்து வருகிறவருக்கும் ஊசி கிடைக்கவேண்டும். ஆழமான காயத்துக்குப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் அருகிலேயே கிடைக்கவேண்டும். அடுத்த ஊசி நாளை நினைவூட்ட ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஒருவரும் பாதியில் விடமாட்டார்கள்.

ஐந்தாவதாக, மீன் கழிவும் இறைச்சிக் கழிவும் அன்றன்றைக்கே அகற்றப்படவேண்டும். காசிமேட்டிலும் புளியந்தோப்பிலும் இது நடந்தாலே நாய்க்கூட்டம் தானாகக் குறையும். 2025இல் மாநகராட்சி தொடங்கிய பெருந்திரள் தடுப்பூசிப் பணி, கருத்தடையோடு சேர்ந்து, வார்டு வார்டாக முடிக்கப்பட்டு, கணக்கு வார்டு அலுவலகப் பலகையில் எழுதப்படவேண்டும். ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறும் என்கிறது மருத்துவம். பத்தில் ஏழு எங்கள் வார்டில் எட்டியதா என்று எங்களுக்குத் தெரியவேண்டாமா?

ஆறாவதாக, விதிகளின்படி அமைக்கப்படும் கண்காணிப்புக் குழுவில் அதிகாரியும் விலங்கு நல அமைப்பும் மட்டும் உட்கார்ந்தால் போதாது. நாய் பிடிக்கும் தொழிலாளி ஒருவரும், கடிபடும் தெருவிலிருந்து ஒரு பெண்ணும் உட்காரவேண்டும்.

அதுவரை நாம் நம்மைக் காத்துக்கொள்வோம். கடித்தால், பிராண்டினால்கூட, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். மந்திரிக்கப் போய் நாளைக் கடத்தாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நான்கு ஊசியையும் முடியுங்கள். குட்டி நாய்தானே என்று விடாதீர்கள். பிள்ளைகள் திட்டுவார்களோ என்று பயந்து கடித்ததை மறைப்பார்கள். அவர்களை அடிக்காமல் கேளுங்கள்.

அடுத்த முறை உங்கள் தெருவுக்கு நாய்வண்டி வரும்போது ஒரு காரியம் செய்யுங்கள். நாயைப் பார்ப்பதற்கு முன் வலை பிடித்து நிற்பவரைப் பாருங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். பெயரைக் கேளுங்கள். 'ஊசி போட்டுட்டாங்களாண்ணே?' என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், 1913ஐ அழைத்து அதையும் ஒரு புகாராகப் பதிவு செய்யுங்கள். நாயைப் பற்றிப் புகார் சொல்ல இருக்கும் அந்த எண்ணில், அதைப் பிடிக்க வந்த மனிதருக்காகவும் ஒரு புகார் ஏறட்டும்.